குளிர்கால ஒளியும் பறவையின் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், கடையநல்லூருக்கு மேற்கே நிற்கும் மலை ஊருக்கு அருகில் நகர்ந்து வந்துவிட்டதைப்போலத் தோன்றும். காற்றில் மிதந்த தூசியை மழை கழுவிவிடுவதே இதற்குக் காரணம். கோடையில் வெளிறிய நீலத் திரையாகத் தெரிந்த அதே மலையில், இப்போது பாறை வேறு, புல்வெளி வேறு, சோலை வேறு என்று வெறும் கண்ணாலேயே பிரித்தறிய முடியும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலச் சாரலைச் சுமந்துகொண்டு செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்த மேல்காற்றும் அடங்கியிருக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது, மார்கழியில் தொடங்கி மாசி வரை நீளும் இந்தச் சில வாரங்களுக்காகத்தான்.

இதில் வானியலின் பங்கும் உண்டு. கடையநல்லூர் ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும்; நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். டிசம்பர் 22 அன்றோ நண்பகலிலும் சூரியன் 58 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. சாய்ந்து விழும் ஒளியே பொருள்களுக்கு உருட்சியும் ஆழமும் தருகிறது. யானையின் தோல் மடிப்பும் மரப்பட்டையின் வெடிப்பும் அப்போதுதான் படத்தில் எழுந்து நிற்கும். எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய ஒரு நிபந்தனையும் இருக்கிறது. மலை மேற்கே இருப்பதால் காலைக் கதிர் அதன் முகத்தில் நேராக விழுகிறது. மாலையிலோ சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிட, அடிவாரம் முழுவதும் நிழலுக்குள் போய்விடும். அந்தி ஒளி வேண்டுவோர் மலையைக் கடந்து அச்சன்கோவில் பக்கம் போக வேண்டும். நமக்கு வாய்த்தது காலை மட்டுமே. இந்தச் சிறிய புவியியல் உண்மை பின்னால் ஒரு பெரிய சிக்கலுக்கு இட்டுச் செல்கிறது என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

தொழில்நுட்பம் பற்றி ஒன்றிரண்டு வார்த்தைகள். பனிமூட்டத்தைப் படம் எடுக்கும் பலர், கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்தது படத்தில் சாம்பலாக வந்திருப்பதைக் கண்டு ஏமாறுகிறார்கள். கேமராவின் ஒளிமானி, தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடுகிறது, வெண்பனியையும் சாம்பலாக்கிவிடுகிறது. அது சொல்வதைவிட முக்கால் பங்கோ, ஒரு படியோ கூடுதலாக ஒளியை அனுமதித்தால் பனி பனியாக வரும். சோலைக்குள் நிலைமை நேர்மாறானது. மேலே விதானம் மூடிய காட்டின் தரையை எட்டுவது வெளியொளியில் மிகச் சிறு பங்குதான். அங்கே ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்த வேண்டும். இரண்டும் முடியாதபோது கை ஃபிளாஷைத் தேடும். அல்லது கால் விலங்கை நோக்கி நகரும். நான் எழுத வந்தது அந்தக் கையையும் காலையும் பற்றித்தான்.

குளிர்காலத்தில் ஒளி மட்டும் இங்கே வருவதில்லை, விருந்தினர்களும் வருகிறார்கள். மத்திய இந்தியாவிலும் இமயத்தின் அடிவாரத்திலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக் குருவி, ஐப்பசி வாக்கில் நம் தோப்புகளின் சருகுத் தரைக்கு வந்து சேருகிறது; விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய நேரம் தவறாமல் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். வட ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்துகள் குளங்களில் இறங்குகின்றன. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் வந்து, மாலை வானத்தில் புகைபோலச் சுழன்று அடைகின்றன. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து, திபெத், மங்கோலியா நாட்டு ஏரிகளில் பிறந்தது. இமயத்தைக் கடக்கையில் அது 7,000 மீட்டருக்கும் மேலே பறப்பது கருவிகள் பொருத்தி அளக்கப்பட்டிருக்கிறது.

இப்பறவைகள் இங்கே ஓய்வெடுக்க வருவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவை சேமிக்க வருகின்றன. பங்குனிக்குள் திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை உடலில் ஏற்றியாக வேண்டும். வலசை செல்லும் சிறு பறவைக்குக் கொழுப்பே வங்கி இருப்பு. ஒவ்வொரு முறை அஞ்சி எழுந்து பறக்கும்போதும் அந்த இருப்பிலிருந்து ஒரு தொகை கழிகிறது. இரை தேடாமல் தலை தூக்கி நின்ற நிமிடங்களுக்கு வரவு இல்லை. இரவெல்லாம் உண்ணாதிருந்த பறவை இரை தேடுவதில் மும்முரமாக இருப்பது விடிந்ததும் வரும் முதல் சில மணி நேரம். எங்கள் மலையடிவாரத்தில் ஒளிப்படக்காரருக்கு நல்ல ஒளி கிடைப்பதும் அதே நேரம். அவருடைய பொன் வேளையும் பறவையின் பந்தி வேளையும் ஒன்றாகிவிடுகின்றன.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் என்பதால் இதை அத்துறையின் கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறைந்துவிடாத பொருளைப் பொதுப் பொருள் என்போம். கலங்கரை விளக்கம் அதற்கு வகுப்பறை உதாரணம். ஒளிப்படமும் அப்படித்தான் என்று தோன்றும். மரத்தை வெட்டினால் மரம் போய்விடும். படம் எடுத்தால் மரம் அங்கேயே நிற்கிறது. 'நான் எதையும் எடுத்துச் செல்லவில்லை, படத்தைத் தவிர' என்ற வாசகம் வனத்துறை வாயில்களில் பலகையாகவே தொங்குகிறது. ஆனால் இன்னொரு வகைப் பொருளும் உண்டு. காலியான சாலையில் முதல் வண்டி போவதால் யாருக்கும் இழப்பில்லை. ஐம்பதாவது வண்டியில் நெரிசல் தொடங்குகிறது, நூறாவது வண்டியில் எல்லாமே நின்றுவிடுகிறது. காடும் குளமும் இந்த இரண்டாவது வகை. இதிலுள்ள வேறுபாடு என்னவென்றால், சாலையில் நெரிசலின் துன்பத்தை வண்டி ஓட்டுபவரே அனுபவிக்கிறார். இங்கே அதை அனுபவிப்பது பறவை. 1920-இல் ஆர்தர் பிகூ விளக்கிய புறவிளைவு என்னும் கருத்துக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பயன் படம் எடுத்தவருக்கு. செலவு பேச வாயில்லாத உயிருக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில், எங்கள் பகுதித் தோப்பு ஒன்றில் ஒற்றை ஆறுமணிக் குருவியைச் சுற்றிப் பதினான்கு பேர் நின்றதை எண்ணியிருக்கிறேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். மெதுவாகப் பேசினார்கள், குப்பை போடவில்லை. ஒருவர் மட்டும் கைப்பேசியில் அக்குருவியின் குரலை ஒலிக்கவிட்டார். குருவி உடனே சருகிலிருந்து வெளியே வந்து, கழுத்தை நிமிர்த்திப் பதில் குரல் கொடுத்தது. எல்லாருக்கும் நல்ல படம். தன் இரைப் பரப்புக்குள் இன்னொரு குருவி நுழைந்துவிட்டதென்று நம்பி அது அன்று காலை பலமுறை வெளியே வந்தது. வராத எதிரியோடு போராடிக் கழிந்தது அதன் பந்தி வேளை.

இவ்வகைச் செயல்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2(16)-ஆம் பிரிவு 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. கொல்வதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை அல்ல; விரட்டுவதும், இரை வைத்து ஈர்ப்பதும் அதில் அடங்கும். பறவைகள், ஊர்வன ஆகியவற்றைப் பொறுத்தவரை முட்டைகளைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டைதான். கூடு தெளிவாகத் தெரிய வேண்டுமென்று மறைத்திருந்த கிளையை ஒடித்து ஒதுக்குபவர், சட்டத்தின் சொல்லகராதியில் துப்பாக்கி ஏந்தியவரின் பக்கத்தில் நிற்கிறார். சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதை 27-ஆம் பிரிவு தனியே தடைசெய்கிறது. 28-ஆம் பிரிவு, முதன்மை வன உயிரினக் காப்பாளர் எந்தெந்த நோக்கங்களுக்கு நுழைவு அனுமதி தரலாம் என்பதில் ஒளிப்படம் எடுப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2022-இல் வந்த திருத்தம் அதோடு ஒரு நிபந்தனையையும் இணைத்தது: வாழிடத்தில் மாற்றம் செய்யாமல், அதற்கோ உயிரினத்துக்கோ தீங்கு நேராமல் எடுக்க வேண்டும். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அது முழு வலிமையோடு செயல்படுவது சரணாலய எல்லைக்குள்; ஆனால் வலசைப் பறவைக்கு அந்த எல்லைக்கல் தெரியாது.

குளிர்காலம் வலசைக்கு மட்டுமன்றி இனப்பெருக்கத்துக்கும் உரிய பருவம் என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. கூந்தன்குளத்தில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டத் தொடங்குவது இந்தக் காலத்தில்தான். ஆள் நெருங்கியதும் தாய்ப்பறவை எழுந்து சற்றுத் தள்ளி உட்காரும். நாம் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அந்தச் சில நிமிடங்கள் காகத்துக்குப் போதும். வெயில் ஏறிய பின் என்றால் காகம்கூடத் தேவையில்லை. சிறகு விரித்து நிழல் தரும் தாய் இல்லாமல் இறகு முளைக்காத குஞ்சு வெப்பத்திலேயே துவண்டுவிடும். மலைக்காட்டில் இருவாட்சியின் நிலை இன்னும் நுட்பமானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, சிறு பிளவு வழியாக ஆண் கொண்டுவரும் பழத்தை மட்டுமே நம்பி மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறது. மரத்தடியில் ஆள் நடமாட்டம் கண்டால் ஆண் பறவை தொலைவிலுள்ள கிளையிலேயே தயங்கி நின்றுவிடும். கூட்டைத் தொடவில்லை, கிளையை ஒடிக்கவில்லை, வெறுமனே கீழே உட்கார்ந்திருந்தேன் என்று ஒருவர் சொல்லலாம். உள்ளே இருப்பவளுக்கும் குஞ்சுக்கும் அன்று பட்டினி.

தேவாங்கைப் பற்றியும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் இதற்கென்றே தமிழ்நாடு அரசு சரணாலயம் அறிவித்தது. இருட்டுக்கென்றே அமைந்த அதன் பெரிய கண்களின் முன்னால் ஃபிளாஷ் அடிப்பது, ஓட முடியாத ஒருவர் முகத்தில் பந்தம் பிடிப்பதற்குச் சமம். ஆய்வாளர்கள் மங்கிய சிவப்பு ஒளியில் அதைப் பார்க்கிறார்கள்; படத்தின் அழகு குறைந்தால் குறையட்டும் என்கிறார்கள்.

இதுவரை சொன்னவற்றில் செலவு பறவைக்கு. யானையின் கதையில் செலவு மனிதருக்கும் சேருகிறது. வடகரை, மேக்கரை, சொக்கம்பட்டி அடிவாரத் தோப்புகளுக்குள் யானை இறங்குவது எங்களுக்குப் புதிதல்ல. வாழையும் தென்னங்குருத்தும் பிசான நெல்லும் அதற்கு விருந்து. இரவில் வந்தது விடியுமுன் திரும்பிவிட்டால், விவசாயிக்கு இழப்பு சில மரங்களோடு போகும். ஆனால் இப்போது செய்தி கைப்பேசியில் பரவி, விடிவதற்குள் தோப்பைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடுகிறது. மலைக்குத் திரும்பும் வழியில் ஆட்கள் நிற்பதைக் கண்ட யானை, மீண்டும் தோப்புக்குள்ளேயே போகிறது. மிரண்ட யானை தின்பதைவிட மிதிப்பது அதிகம். இரவு முழுவதும் விழித்திருந்த வனக் காவலர், யானையை விட்டுவிட்டுக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. காணொளிக்குக் கிடைக்கும் பாராட்டு எடுத்தவருக்கு. முறிந்த தென்னைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலைவது விவசாயி. கேமரா எதையும் எடுத்துச் செல்வதில்லை என்று அவரிடம் யாராவது சொல்லிப் பார்க்கலாம்.

குற்றாலத்துக் குரங்குகளைப் பற்றியும் இதே கணக்கைப் போடலாம். கார்த்திகையில் தொடங்கும் ஐயப்ப பக்தர்கள் பருவத்தில், ஒரு படத்துக்காக வாழைப்பழம் நீட்டும் கைகள் எத்தனை! மறுநாள் அதே குரங்கு கேட்காமல் பறிப்பது பழக்கடைக்காரரின் சீப்பை.

இவ்வளவும் சொல்வதால் கேமராவை எதிர்ப்பவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். இந்தியக் காட்டில் துப்பாக்கிக்கு மாற்றாக வந்தது கேமரா. ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன், புலியின் பாதையில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் இயங்கும் கேமராவால் இரவில் படம் எடுத்தார். 1927-இல் அப்படங்களை நூலாக வெளியிட்டார். வேட்டை பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில், சுடாமலும் புலியை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று காட்டியவர் அவர். நம் மண்ணிலிருந்து மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஒரே நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். கறுப்பு வெள்ளையில், தானே ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமராவால் படம் எடுத்தவர். விலங்கின் முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டாமல், அது வாழும் காட்டையும் சேர்த்துக் காட்டும் படங்கள் அவை. இன்று 600 மி.மீ. லென்ஸோடு வரும் இளைஞர்கள் கண்ணின் மணியில் தன் உருவம் தெரியுமளவுக்கு நெருங்க விரும்புகிறார்கள். பின்னணி முழுவதும் பச்சைக் கூழாகக் கரைந்துவிடுகிறது. அந்தப் பறவை கடையநல்லூரில் இருந்ததா, காங்கோவில் இருந்ததா என்று படம் சொல்வதில்லை. என் பார்வையில் அது நட்டம்.

சாம்பியனின் கம்பிக் கேமராவின் பேரப்பிள்ளைதான் இன்றைய தானியங்கிக் கேமரா. 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் அவை வைக்கப்பட்டு, 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651, ஆயிரத்துக்கு இரண்டு. ஆளே இல்லாத காட்டில் பொறுமையாக எடுக்கப்பட்ட அந்த ஆயிரத்தில் இரண்டுதான் நாட்டின் கொள்கையை வழிநடத்துகிறது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறையின் புலிகளும் இவ்வாறே எண்ணப்படுகின்றன. படம் எடுப்பது தவறல்ல. படத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார் என்று கேட்பதே முறை.

செலவைப் பிறர் தலையில் ஏற்றும் ஊக்கம் எங்கிருந்து வருகிறது? போட்டியிலிருந்து. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற கானுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்றது, இரவில் வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம். அந்த ஓநாய் பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்ததும், அடுத்த ஜனவரியில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. உலக மேடையிலேயே இப்படி என்றால், ஒரு விருப்பக்குறிக்காக மாவட்டச் சாலையோரத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்த படத்தோடு அது எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் கேட்கும் வழக்கம் அண்மையில் பல போட்டிகளில் வந்திருக்கிறது. நல்ல தொடக்கம்தான்; ஆனால் போட்டிக்கு அனுப்பாத கோடிக்கணக்கான படங்களை யார் கேட்பது?

1968-இல் கேரட் ஹார்டின், பொதுவில் உள்ளது எதுவும் அழிந்தே தீரும் என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கொரு மாடு கூடுதலாக விட, நிலமே தரிசாகிவிடும் என்பது அவர் வாதம். அரசு கையில் எடுக்க வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு மருந்துகளையே பாடநூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. எலினார் ஆஸ்ட்ராம் உலகெங்கும் உள்ள பாசன அமைப்புகளையும் மீன்பிடிப் பகுதிகளையும் ஆராய்ந்து, மூன்றாவது வழியும் உண்டு என்று காட்டினார்: பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாங்களே கண்காணித்துக் காத்த பொதுச் சொத்துகள் நூற்றாண்டுகள் நிலைத்திருக்கின்றன. 2009-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இதை வகுப்பில் விளக்கும்போது நான் வெளிநாட்டு உதாரணம் தேடியதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுட வரும் துரைகளைத் தடுக்க, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் கவுல் எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பகுதி ஊர்களில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்கள் பக்கத்திலேயே, தாமிரவருணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊரே காத்தது. 2005-இல் அது நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது. விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து விடுகிறார்கள். 1994-இல் சரணாலயமான அது, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இங்கெல்லாம் விதி முதலில் ஊரில் பிறந்தது. அரசாணை பின்னால் வந்தது.

கடையநல்லூர்ச் சுற்றுவட்டாரத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? மலைப்பகுதி 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. அங்கே அனுமதி, சோதனைச் சாவடி எல்லாம் உண்டு. அதற்குக் கீழே கருப்பாநதியின் நீர் பாயும் குளங்களும் தோப்புகளும்தான் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆனால் இந்தக் குளங்களுக்கு ஆயக்கட்டுதாரர்கள் இருக்கிறார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, எவர் வயலுக்கு முதலில் நீர் என்பதை அவர்கள் தலைமுறைகளாகத் தீர்மானித்து வந்திருக்கிறார்கள். பறவை பார்க்க எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பது அதைவிடக் கடினமானதல்ல. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது; அதையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

முதல் விதியை நிலமே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகவே குளங்களுக்குக் கரை கிழக்கில், நீர்ப்பிடிப்பு மேற்கில். காலையில் கரைமேல் நிற்பவரின் முதுகுப் பக்கம் சூரியன். எதிரே நீர், அதில் பறவை, பின்னணியில் ஒளி விழுந்த மலை. இதைவிடச் சிறந்த இடம் ஒளிப்படக்காரருக்கு வேறில்லை. மேற்கே நீர்ப்பிடிப்புக்குள் இறங்குபவர் சூரியனுக்கு எதிரே நின்று கறுத்த உருவங்களையே எடுக்கிறார். இரை தேடும் ஆழமற்ற பகுதியைக் கலைத்தும் விடுகிறார். கரையைவிட்டு இறங்கக் கூடாது என்ற ஒற்றை விதியால் எவருக்கும் நட்டமில்லை. பொருளியலில் இப்படிப்பட்ட தீர்வு அடிக்கடி கிடைப்பதில்லை.

மற்றவை சற்றுக் கசப்பானவை. கூடு இருக்கும் மரத்துக்கு அந்தப் பருவம் முடியும்வரை யாரும் போகக் கூடாது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிடக் கூடாது. யானை இறங்கிய தோப்பின் மலைப்பக்கம் வனத்துறையினரைத் தவிர எவரும் நிற்கக் கூடாது. வெளியூரிலிருந்து வருபவர் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டே தோப்புக்குள் செல்ல வேண்டும். பறவையால் ஒருவருக்கு வருமானம் என்றால் அதைக் காக்கவும் ஓர் ஆள் கிடைப்பார். கடைசியாக, இடம் சொல்லும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். இன்றைய கைப்பேசி எடுக்கும் படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடக்கூடும். அதை நீக்காமல் பகிர்வது கூட்டத்துக்கும், சில சமயம் வேட்டைக்காரருக்கும் முகவரி எழுதிக் கொடுப்பதாகும். உலகப் பறவைப் பதிவுத் தளமான இ-பேர்ட், ஆபத்துக்குள்ளான இனங்களின் துல்லியமான இடத்தை மறைத்தே காட்டுகிறது. நாமும் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது பறவை ஊர் திரும்பிய பிறகு, சித்திரையில் படத்தை வெளியிடலாம்.

எவ்வளவு தொலைவு சரியான தொலைவு என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. மீட்டர்க் கணக்கில் விடை சொல்ல இயலாது. இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் அது மாறும். பறவையே சொல்லும். இரை கொத்துவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். கழுத்தை நீட்டி உடலை ஒடுக்கினால் பின்வாங்குங்கள். நின்றுகொண்டு துரத்துவதைவிட உட்கார்ந்து காத்திருப்பது நல்லது; அரை மணி நேரம் அசையாமல் இருப்பவரைப் பல பறவைகள் புதராகவே எடுத்துக்கொள்கின்றன. சாலையோரம் என்றால் வண்டியைவிட்டு இறங்காமல் இருப்பதே மேல். வண்டிக்கு அஞ்சாத மான், கதவு திறந்ததும் ஓடிவிடும்.

தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் தாமிரவருணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து, விடியற்காலையில் ஆளுக்கொரு குளமாக எண்ணுகிறார்கள். இளையவர்களிடம் நான் சொல்வது, வாங்கிய லென்ஸை முதலில் அங்கே கொண்டு போங்கள் என்பதுதான். தொலைவில் மிதக்கும் கூட்டத்தை அகலமாக ஒரு படம் எடுத்து, வீட்டுக்கு வந்து திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணினால், கரையில் நின்று கண்ணால் எண்ணியதைச் சரிபார்த்துவிடலாம். குளத்தின் பெயர், தேதி, நேரம், எத்தனை ஊசிவால் வாத்து, எத்தனை நாமக்கோழி என்று படத்தின் கீழே எழுதி வைக்க வேண்டும். அந்தப் படம் எந்தப் போட்டியிலும் பரிசு பெறாது. பத்தாண்டு கழித்து அக்குளத்தில் என்ன குறைந்தது என்று கேட்க வரும் ஆய்வாளர், அதைத்தான் முதலில் தேடுவார்.